சம்பளப் பட்டியலில் இல்லாத பெயர்கள்

ஊருக்காக ஆம்புலன்ஸில் ஓடி உயிரைக் கொடுத்த தன்னார்வலர்களை அமெரிக்கா எப்படி நினைவில் வைத்தது? யாரையெல்லாம் விட்டுவிட்டது?

2001 செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை. காலை மணி 8.46. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் முதல் விமானம் மோதிவிட்டது. பக்கத்துத் தெருக்களில் இருக்கும் அலுவலகங்கள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. சாம்பலும் காகிதமுமாக வானத்திலிருந்து கொட்டுகிறது. தெருவில் இறங்கியவர்கள் எல்லாம் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி ஓடுகிறார்கள். பார்க்லே தெருவில் இருக்கும் பேங்க் ஆஃப் நியூயார்க் ஊழியரான ஒரு இளைஞர் மட்டும், கைக்குக் கிடைத்த முதலுதவிப் பொருட்களை எடுத்துக்கொண்டு கோபுரத்தை நோக்கிப் போகிறார்.

அவர் பெயர் ஜாக் ஜெங். சீனாவில் பிறந்து, அமெரிக்காவில் படித்து, வங்கி வேலையில் அமர்ந்தவர். முப்பது வயதைக்கூட எட்டாதவர். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், அங்கே பக்கத்தில் இருக்கும் பிரைட்டன் ஊரின் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுவில் சேர்ந்து அவசர சிகிச்சைப் பயிற்சி பெற்றவர். அன்று காலை அவரை யாரும் கூப்பிடவில்லை. கையில் வாக்கி-டாக்கி கிடையாது, உடலில் சீருடை கிடையாது. அலுவலக உடையிலேயே, கீழே கிடந்த ஒருவருக்கு அவர் சிகிச்சை செய்துகொண்டிருப்பது தொலைக்காட்சிச் செய்திக் காட்சி ஒன்றில் பதிவாகியிருந்தது. அன்று அவர் என்ன செய்தார் என்பது குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் தெரியவந்தது. ஜெங் வீடு திரும்பவில்லை.

2026 செப்டம்பர் 11, அந்த நாளுக்குக் கால் நூற்றாண்டு நிறையும் நாள். 343 தீயணைப்பு வீரர்கள், நியூயார்க் நகரக் காவலர்கள் 23 பேர், துறைமுக ஆணையக் காவலர்கள் 37 பேர் என்று அன்று பலியான மீட்புப் பணியாளர்களின் கணக்கை உலகம் மனப்பாடமாகச் சொல்லும். அந்த மூன்று எண்களும் மூன்று துறைகளின் பணியாளர் பதிவேட்டிலிருந்து வந்தவை. பதிவேட்டில் இல்லாமல் பணி செய்தவர்களின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்? ஆம்புலன்ஸ் தன்னார்வலர்களின் நினைவு பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஆற்றங்கரையில் நின்ற சிறுவன்

அமெரிக்காவில் ஊர் ஆம்புலன்ஸ் என்பது அரசு கொடுத்த வசதியாகத் தொடங்கவில்லை. 1909-ல் வர்ஜீனியா மாநிலம் ரோனோக் நகரில், ஆற்றில் படகு கவிழ்ந்து இரண்டு பேர் மூழ்கி இறந்தார்கள். கரையில் நின்ற யாருக்கும் காப்பாற்றத் தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் ஜூலியன் வைஸ் என்ற ஒன்பது வயதுச் சிறுவன். வளர்ந்து ரயில்வே ஊழியரான வைஸ், 1928-ல் சக ஊழியர்களைச் சேர்த்துக்கொண்டு, சம்பளம் வாங்காமல் உயிர் காக்கும் குழு ஒன்றைத் தொடங்கினார். நாட்டின் முதல் தன்னார்வ மீட்புக் குழு என்று அதைத்தான் சொல்கிறார்கள். ரோனோக்கைப் பார்த்து ஊர் ஊராக இப்படிக் குழுக்கள் பிறந்தன.

தேவை எவ்வளவு இருந்தது என்பதற்கு 1966-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை சாட்சி. அதற்கு முந்தைய ஆண்டில் மட்டும் விபத்துகளில் 1,07,000 பேர் இறந்திருந்தார்கள். நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை அப்போது நடத்திவந்தவர்கள் இறுதிச்சடங்கு நிலையத்தார். படுக்க வைத்து எடுத்துப்போகும் நீளத்துக்கு வண்டி அவர்களிடம்தான் இருந்தது. ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட்டுவதோடு வேலை முடிந்தது. வழியில் உயிரைப் பிடித்து வைக்கும் பயிற்சி பெரும்பாலோருக்குக் கிடையாது. அந்த அறிக்கைக்குப் பிறகுதான் பயிற்சி, தேர்வு, சான்றிதழ் எல்லாம் ஒழுங்குக்கு வந்தன.

இன்றும் அமெரிக்கச் சிற்றூர்களில் பகலில் கடையிலோ பள்ளியிலோ வேலை பார்ப்பவர், இரவில் ஆம்புலன்ஸ் தன்னார்வலராக இருப்பதைக் காணலாம். நூறு மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதித் தேறினால்தான் நோயாளியைத் தொட முடியும். சம்பளக்காரருக்கு வைக்கும் அதே தேர்வுதான் இவர்களுக்கும். பனியில் சறுக்கும் சாலையும், நெடுஞ்சாலை ஓரத்தில் பின்னால் வந்து மோதும் லாரியும், தொற்றும் எல்லாருக்கும் ஒன்றுதான். சம்பளம் மட்டும்தான் இல்லை.

> பெட்டிச் செய்தி: நினைவின் அடையாளங்கள்
>
> * உயிர் நட்சத்திரம்: ஆம்புலன்ஸில் காணும் ஆறு கைகள் கொண்ட நீல நட்சத்திரம் 1970-களில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் உருவாக்கியது. நடுவில் பாம்பு சுற்றிய கோல் கிரேக்க மருத்துவக் கடவுள் அஸ்கிலிப்பியஸுடையது.
> * உயிர் மரம்: பணியில் இறந்த அவசர மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய நினைவு நிகழ்ச்சி ரோனோக்கில் தொடங்கியது. இறந்த ஒவ்வொருவரின் பெயரும் ஓர் இலையில் பொறிக்கப்பட்டு இந்த மரத்தில் சேர்க்கப்படும்.
> * மூன்று பொருட்கள்: குடும்பத்தாரிடம் ஒரு பதக்கம், ஒரு தேசியக் கொடி, ஒரு வெள்ளை ரோஜா கொடுக்கப்படும். பதக்கம் அழியா நினைவுக்கு, கொடி நாட்டுக்குச் செய்த சேவைக்கு, ரோஜா மாறாத அன்புக்கு.
> * நிரந்தர நினைவிடம்: தலைநகர் வாஷிங்டனில் இவர்களுக்கு நினைவிடம் கட்ட 2018-ல் சட்டம் அனுமதி தந்தது. செலவு நன்கொடையில்தான்.

பதினெட்டு வயது

ரிச்சர்ட் பேர்ல்மன் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிப் பையன். ஃபாரஸ்ட் ஹில்ஸ் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுவின் உறுப்பினர். வயது 18. சட்ட அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துவந்தவர், அன்று காலை நகரக் காவல் துறைத் தலைமையகத்தில் ஒரு கடிதத்தைச் சேர்க்கப் போயிருந்தார். அங்கிருந்து கோபுரங்கள் நடந்து போகும் தூரம்தான். செய்தி தெரிந்ததும் அங்கேயே போய்விட்டார். காயம்பட்ட ஒரு பெண்ணுக்கு அவர் உதவும் புகைப்படம் பிறகு பத்திரிகையில் வெளியானது. அன்று பலியான மீட்புப் பணியாளர்களில் வயதில் மிக இளையவர் அவர்தான்.

அவரைப் போகச் சொல்லி எந்த மேலதிகாரியும் உத்தரவு போடவில்லை. போகாமல் இருந்திருந்தால் ஒரு சொல் கேட்டிருக்கவும் மாட்டார்கள். தன்னார்வலரின் மரணத்தில் இருக்கும் தனித்துயரம் இது. ‘அவன் போயிருக்க வேண்டிய அவசியமே இல்லையே’ என்ற எண்ணம் பெற்றவர்களை ஆயுள் முழுக்க விடாது. அந்தப் பெற்றோருக்கு ஊர் சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான்: உங்கள் பிள்ளை அங்கே வேடிக்கை பார்க்கப் போகவில்லை, வேலை பார்க்கப் போனான், அந்த வேலையின் பெயரோடு அவனை எழுதிவைத்திருக்கிறோம். பேர்ல்மனுக்கு அந்தப் பதில் கிடைத்தது. ஒரு குழு அவனை ‘எங்கள் ஆள்’ என்று உரிமையோடு சொல்ல இருந்தது.

சந்தேகத்தில் சிக்கிய பெயர்

முகமது சல்மான் ஹம்தானிக்கு அந்தப் பதில் கிடைக்கவில்லை. கராச்சியில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா வந்து, குவீன்ஸில் வளர்ந்தவர். வயது 23. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆய்வக வேலை. நியூயார்க் காவல் துறையின் பயிற்சிக் காவலராக இருந்தவர். பகுதி நேரமாக ஆம்புலன்ஸ் ஓட்டியவர், அவசர சிகிச்சைப் பயிற்சி பெற்றவர். செப்டம்பர் 11 காலை வேலைக்குக் கிளம்பியவர் வேலைக்குப் போய்ச் சேரவில்லை.

உதவப் போயிருப்பார் என்று குடும்பம் சொன்னது. விசாரணைக்காரர்கள் வேறு கேள்விகளோடு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அக்டோபரில், ‘காணவில்லையா, ஒளிந்திருக்கிறாரா?’ என்று பொருள்படும் தலைப்பில் நியூயார்க் நாளிதழ் ஒன்று செய்தி போட்டது. பெயர் முஸ்லிம் பெயர், பிறந்த ஊர் கராச்சி. சந்தேகத்துக்கு அதற்கு மேல் காரணம் வேண்டியிருக்கவில்லை. அதே அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய ‘பேட்ரியட்’ சட்டத்தின் வாசகத்திலேயே, உதவப் போய்க் காணாமல் போனவராக நம்பப்படுகிறவர் என்று ஹம்தானியின் பெயர் மரியாதையோடு குறிப்பிடப்பட்டது. ஒரே மாதத்தில் ஒரே பெயர் சட்டத்தில் வீரனுடையதாகவும் நாளிதழில் சந்தேக நபருடையதாகவும் இருந்தது.

2002 மார்ச்சில் அவருடைய உடலின் மிச்சங்கள் அடையாளம் காணப்பட்டன. இடிபாட்டில், வடக்குக் கோபுரம் இருந்த பகுதியில் கிடந்தவை. ஏப்ரலில் நடந்த இறுதிச்சடங்குக்கு மேயரும் காவல் துறை ஆணையரும் வந்தார்கள். சவப்பெட்டியில் கொடி போர்த்தப்பட்டிருந்தது.

கதை அத்தோடு முடிந்திருக்கலாம். 2011-ல் நினைவிடம் திறந்தபோது, இரண்டு நீர்த்தொட்டிகளைச் சுற்றி வெண்கலப் பலகைகளில் 2,983 பெயர்கள் இருந்தன. எந்த இடத்தில் எந்தப் பெயர் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒன்றாக வேலை பார்த்தவர்கள் அருகருகே; மீட்புப் பணியாளர்கள் அவரவர் பிரிவின் பெயரோடு. ஹம்தானியின் பெயர் மீட்புப் பணியாளர் வரிசையில் இல்லை. தெற்குத் தொட்டியின் எஸ்-66 என்ற பலகையில், எந்தப் பிரிவிலும் சேராதவர்களோடு இருந்தது. காவல் துறை கொடுத்த பலியானோர் பட்டியலில் அவர் இல்லை என்பதே இதற்குக் காரணம். அவருடைய தாய், பள்ளி ஆசிரியையாக இருந்த தலத் ஹம்தானி, அந்தப் பெயரை உரிய வரிசைக்கு மாற்றக் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார். 2014-ல் அவர்கள் வாழ்ந்த பேசைட் பகுதியில் ஒரு தெருவுக்கு ஹம்தானியின் பெயர் சூட்டப்பட்டது. ஊர் அங்கீகரித்துவிட்டது. துறையின் பட்டியல் அசையவில்லை.

பெயர் எப்படியும் அங்கே இருக்கிறதே, எந்தப் பலகையில் இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வித்தியாசம் பெரிது. ஒரு பலகை அவரைப் பலியானவர் என்கிறது. இன்னொரு பலகை, பிறரைக் காப்பாற்றப் போய்ப் பலியானவர் என்கிறது. மகன் எப்படி இறந்தான் என்பதை அடுத்த தலைமுறை சரியாகப் படிக்க வேண்டும் என்றுதான் அந்தத் தாய் கேட்டார். அது நியாயமான கோரிக்கை.

கடைசி அழைப்பு

ஆம்புலன்ஸ் குழுக்கள் தங்கள் ஆளை வழியனுப்பும்போது செய்யும் ஒரு சடங்கு உண்டு. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வாக்கி-டாக்கியில், இறந்தவரின் அழைப்பு எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். வரிசையில் நிற்கும் சகாக்களின் பேட்ஜுகளுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. எல்லாருடைய இடுப்பிலும் இருக்கும் கருவிகளில் அதே குரல் ஒரே நேரத்தில் கேட்கும். பதில் வராது. மறுபடி கூப்பிடுவார்கள். பதில் வராது. பிறகு அந்தக் குரல், இவர் இத்தனை ஆண்டு பணி செய்தார், இனி அழைப்புக்கு வரமாட்டார், ஓய்வு கொள்ளட்டும் என்று அறிவித்து அந்த எண்ணை விடுவிக்கும்.

இந்தச் சடங்கில் சம்பளக்காரர், தன்னார்வலர் என்ற பேதம் கிடையாது. அழைப்பு எண் இருந்தவருக்கெல்லாம் கடைசி அழைப்பு உண்டு. சக பணியாளர்களின் மனதில் அந்தப் பேதம் ஒருநாளும் இருந்ததில்லை. கோப்பில்தான் இருந்தது.

பென்னிங்டனில் ஒரு விபத்து

அந்தக் கோப்பை மாற்றியது ஒரு மரணம். டேல் லாங், வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டன் ஊர் மீட்புக் குழுவில் பணி செய்த துணை மருத்துவர். 2009 ஜூனில் ஆம்புலன்ஸ் விபத்தில் இறந்தார்.

பணியில் இறக்கும் காவலர், தீயணைப்பாளர் குடும்பங்களுக்கு மத்திய அரசு நிதி தரும் சட்டம் அமெரிக்காவில் 1976-லிருந்தே இருந்தது. பிறகு ஆம்புலன்ஸ் பணியாளர்களும் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: அவர்கள் அரசு அமைப்பைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். பென்னிங்டன் குழு லாப நோக்கமற்ற தனி அமைப்பு. அதே சாலையில், அதே சைரனோடு, அதே வேலையைச் செய்தவர் என்றாலும் லாங்கின் குடும்பத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

வெர்மான்ட் செனட்டர் பாட்ரிக் லேஹி இதைக் கையில் எடுத்தார். லாங்கின் பெயரிலேயே சட்டத் திருத்தம் வந்தது. 2013 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது, லாப நோக்கமற்ற ஆம்புலன்ஸ் குழுக்களில் சம்பளத்துக்கு இருப்பவரும் தன்னார்வலரும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டார்கள். 2009 ஜூன் 1 முதல் நேர்ந்தவற்றுக்கும் பொருந்தும் என்று முன்தேதியும் இடப்பட்டது. இன்று அந்த நிதி ஒரு குடும்பத்துக்கு 4 லட்சம் டாலருக்கு மேல்.

ஒரு தன்னார்வலர் இறந்தால் வீட்டுக் கடன் நின்றுவிடாது. பிள்ளைகளின் படிப்புச் செலவும் நிற்காது. அவர் சம்பளம் வாங்கிய வேலை வேறு; இறந்தது இந்த வேலையில். அந்த முதலாளிக்கு இழப்பீடு தரும் கடமை இல்லை. ஊர்க் குழுவிடம் பணம் இல்லை. நடுவில் விழுந்துவிடுவது குடும்பம்தான். லாங்கின் பெயரால் வந்த சட்டம் அடைத்தது இந்த ஓட்டையைத்தான். மரணத்துக்கு மலர்வளையம் வைத்த கையோடு சட்டத்தையும் திருத்தினார்கள் என்பதே பென்னிங்டனின் பெருமை.

> பெட்டிச் செய்தி: சட்டம் நடந்து வந்த பாதை
>
> * 1976: பணியில் இறக்கும் பொதுப் பாதுகாப்புப் பணியாளர் குடும்பங்களுக்கு நிதி. தொடக்கத்தில் 50,000 டாலர்.
> * 2003: பணியின்போதோ, முடிந்து 24 மணி நேரத்துக்குள்ளோ மாரடைப்பு, பக்கவாதத்தால் இறப்பவர்களும் சேர்ப்பு.
> * 2013: டேல் லாங் பெயரிலான திருத்தம். லாப நோக்கமற்ற ஆம்புலன்ஸ் குழுவினரும், தன்னார்வலர்களும் சேர்ப்பு.
> * 2020: கொரோனாவால் இறந்தால், பணியில் தொற்றியதாகவே கொள்ள வழி.
> * 2022: பணி தந்த மன அதிர்ச்சியால் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்களுக்கும் வழி திறப்பு.

பெட்டியில் இருக்கும் கடைசி வரி தனியாகக் கவனிக்க வேண்டியது. நசுங்கிய காருக்குள்ளிருந்து தெரிந்த குழந்தையையே தூக்க வேண்டிவரும் வேலை இது. சிற்றூர் தன்னார்வலருக்கு நோயாளி பல நேரம் பக்கத்து வீட்டுக்காரர். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை கடை திறக்கப் போக வேண்டும். அந்தச் சுமையில் ஒடிந்துபோனவர்களின் மரணத்தையும் பணி மரணம் என்று ஏற்க 2022 வரை ஆனது. நினைவுப் பட்டியல்களில் இன்னும் சேராத பெயர்கள் இந்த வகையில்தான் அதிகம் இருக்கும்.

தூசியைச் சுவாசித்தவர்கள்

செப்டம்பர் 11-ன் சாவு அன்றோடு நிற்கவில்லை. இடிபாட்டில் மாதக்கணக்கில் வேலை பார்த்தவர்கள் நச்சுத் தூசியைச் சுவாசித்தார்கள். பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயும் நுரையீரல் நோயும் வந்தன. நியூயார்க் தீயணைப்புத் துறையில் இப்படிப் பின்னாளில் நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை 2023 செப்டம்பரில் 343-ஐத் தொட்டது. அன்று ஒரே நாளில் இறந்தவர்களின் அதே எண்ணிக்கை.

ஜட்ரோகா சட்டம் என்று அறியப்படும் சட்டத்தில் 2011-ன் தொடக்கத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அதன் வழியே மருத்துவமும் இழப்பீடும் கிடைத்தன. பிறகு வந்த திருத்தங்கள் அதை 2090 வரை நீட்டித்தன. தன்னார்வலர்களும் இதில் உண்டு. அந்த அளவுக்கு நல்லது.

ஆனால் ஒருவர் ‘நான் அங்கே இருந்தேன்’ என்று நிரூபிக்க வேண்டும். தீயணைப்பாளருக்கு வருகைப் பதிவேடு இருக்கிறது. எங்கிருந்தோ வண்டியேறி வந்து ஸ்ட்ரெச்சர் தூக்கியவருக்கு என்ன இருக்கிறது? பழைய புகைப்படம், கூட நின்றவர் கொடுக்கும் உறுதிமொழி. நியூயார்க் மாநிலம் தன்னார்வலர்கள் உறுதிமொழி கொடுத்துப் பதிவு செய்துகொள்ளத் தனிப் படிவம் வைத்து, கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டித்தது. சாட்சி சொல்ல வேண்டிய சகாவே முந்திக்கொண்டு இறந்துபோனால், இருப்பவர் சொல்வதை யார் உறுதிப்படுத்துவது? உதவ வந்த நேரத்தில் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் நெருக்கடி அடங்கிய மறுவாரமே யார் யார் வந்தார்கள் என்று எழுதிவைக்க ஓர் ஆள் வேண்டும். நினைவுச் சின்னம் கட்டுவதைவிட முந்திச் செய்ய வேண்டிய வேலை அது.

நம் கண் முன்னால் நடந்தது

கடல் தாண்டிய கதை என்று இதை ஒதுக்க முடியாது. கொரோனா காலத்தில் டெல்லி சீலம்பூரைச் சேர்ந்த ஆரிஃப் கான், ஷஹீத் பகத் சிங் சேவா தளம் என்ற அறக்கட்டளையின் ஆம்புலன்ஸை ஓட்டினார். தொற்று வீட்டுக்குப் போய்விடக்கூடாது என்று மாதக்கணக்கில் வண்டி நிறுத்துமிடத்திலேயே படுத்துக்கொண்டார். குடும்பத்தோடு பேச்செல்லாம் போனில்தான். சொந்தக்காரர்களே வராத சடலங்களுக்குக் கூட நின்றார். 2020 அக்டோபரில் அவரையும் தொற்று கொண்டுபோனது. அன்றைய குடியரசு துணைத் தலைவர் வெங்கையா நாயுடு இரங்கல் தெரிவித்தார்.

அந்த ஆண்டு மார்ச்சில் மத்திய அரசு மருத்துவப் பணியாளர்களுக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு அறிவித்தது. ஒப்பந்தப் பணியாளர்களும் தன்னார்வலர்களும்கூட அதில் உண்டு என்றது. அது பாராட்ட வேண்டியது. ஆனால் அரசு பணிக்கு அழைத்தவர்களுக்கே அந்தச் சலுகை. அழைக்காமல் வந்து நின்றவர்களுக்கு இல்லை. பென்னிங்டனில் 2009-ல் இருந்த அதே சுவர்.

தெருத்தெருவாக ஆம்புலன்ஸ் நடத்தும் சங்கங்கள், அறக்கட்டளைகள், இளைஞர் குழுக்கள் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. இவற்றை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குழுவில் வண்டி ஏறும் ஒவ்வொருவரின் பெயர், பயிற்சி, பணி நாள் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு விபத்துக் காப்பீடு எடுங்கள். பணியில் ஒருவர் இறந்தால், அவர் செய்த வேலையின் பெயரோடு அதைப் பதிவு செய்து மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள், ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பணியில் இறக்கும் ஆம்புலன்ஸ் தன்னார்வலரின் குடும்பத்துக்கு, அரசு ஊழியர் குடும்பத்துக்குத் தருவதைத் தாருங்கள். செய்த வேலை ஒன்றுதான்.